தாடையென்பை மீள வளர்த்த வரலாறு

கல்முனைக்குடி முதலாய கீழ்க்கரை ஊர்களிலே வெற்றிலை வட்டா விருந்தோம்பலின் அடையாளமாக நெடுங்காலம் விளங்கிவந்துள்ளது. ஆயின், வெற்றிலையோடு மெல்லும் பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றுநோயை விளைப்பன. இலங்கை ஆடவரை மிகுதியாகப் பற்றும் புற்றுநோய் இதுவே. நோய் தாடையென்பினுள் ஊடுருவின், அப்பகுதியை அறுத்து அகற்ற நேரிடும். அங்ஙனம் இழந்த என்பை மீண்டும் வளர்த்தல் கூடுமோ என்னும் வினாவின் வரலாறு ஈண்டு ஆராயற்பாலது.

முதலாம் உலகப் போரிலே தாடை சிதைந்த வீரர்க்கு, அவர்தம் இடுப்பென்பின் துண்டை எடுத்து ஒட்டினர் வைத்தியர். பிற்காலத்தார் காலென்பைக் குருதிக்குழாயோடு எடுத்துப் பொருத்தினர். பயன் பெரிதெனினும், ஒரு புண்ணை ஆற்ற மற்றொரு புண்ணை உண்டாக்கும் முறையே இவை.

புதுவழி 1965இல் தோன்றிற்று. அமெரிக்க வைத்தியர் மார்ஷல் யூரிஸ்ட் என்பார், என்பிலுள்ள சுண்ணத்தை அமிலத்தாற் கரைத்து நீக்கி, எஞ்சியதை விலங்குகளின் தசையிற் பதித்தார். தசையினுள்ளே புதிய என்பு முளைத்தது! என்பிலே மறைந்துள்ள ஏதோவொரு பொருள் அயலிலுள்ள கலங்களை ஏவி என்பாக்குகின்றது என்பது புலனாயிற்று. 1971இல் அதற்கு 'என்புருவாக்கப் புரதம்' எனும் பொருள்படப் பெயரிட்டனர். 1988இல் அப்புரதங்களின் மரபணுக்கள் பிரித்தறியப்பட்டமையால், அவற்றை ஆய்வுகூடத்தில் ஆக்குதலும் எளிதாயிற்று.

2004இல் ஜேர்மனியின் கீல் நகர வைத்தியர் ஓர் அரிய செயலை வெளியிட்டனர். புற்றுநோய்ச் சிகிச்சையிற் கீழ்த்தாடையின் பெரும்பகுதியை இழந்த ஒருவர்க்கு, அவ்வடிவிலே டைட்டேனியக் கம்பிவலைக் கூடொன்று அமைத்தனர். என்புக் கனிமத்துண்டுகளும் 7 மில்லிகிராம் புரதமும் அவர்தம் என்புமச்சைக் கலங்களும் அதனுள் இட்டு, முதுகுத் தசையிலே பதித்தனர். 7 வாரங்களில் அங்கு வளர்ந்த என்பை எடுத்துத் தாடையிற் பொருத்தினர். பல்லாண்டுகளின் பின் அவர் திடவுணவை மென்று உண்டார்.

எனினும், இம்முறை யாவர்க்கும் உரியதன்று. 2007இல் அமெரிக்க அரசு இப்புரதங்களுள் ஒன்றை, பல் பதித்தற்பொருட்டுச் சிறு தாடைக்குறைகளை நிரப்ப அனுமதித்தபோதும், புற்றுக்கட்டி உள்ள இடத்தும் அதனை அகற்றிய இடத்தும் இடலாகாது என விலக்கிற்று. என்பை வளர்க்கும் ஏவல் எஞ்சிய நோய்க்கலத்தையும் வளர்த்தல் கூடுமன்றோ? ஆதலின், வெற்றிலையால் தாடை இழந்தோர்க்கே இவ்வுதவி எட்டாதிருத்தல் பெரிதும் இரங்கத்தக்கது.

விஞ்ஞானம் இத்தடையை ஒருநாள் கடத்தலுங் கூடும். அதுகாறும் பாக்கையும் புகையிலையையும் விலக்குதலும், வாயில் ஆறாப் புண்ணோ வெண்படலமோ தோன்றிய பொழுதே வைத்தியரை நாடுதலுமே உள்ள தாடையைக் காக்கும் வழிகளாம்.