லாரி திருப்பிக் கொண்டுபோக வேண்டிய சரக்கு

பெட்ரோல் பங்க்கில் டேங்கர் லாரி சரக்கு இறக்கும் நேரத்தில், வளாகத்தின் ஓரமாக நிற்கும் மெல்லிய இரும்புக் குழாயின் உச்சியைப் பார்த்தால், வெயிலில் தார்ச்சாலைக்கு மேல் நெளிவதுபோல அங்கேயும் காற்று நெளியும். நிலத்தடித் தொட்டிக்குள் 12,000 லிட்டர் பெட்ரோல் இறங்கினால், அதுவரை அந்த இடத்தை அடைத்திருந்த ஏறத்தாழ அதே அளவு ஆவி வெளியேறியாக வேண்டும். தடுப்பு எதுவும் இல்லாத பங்க்கில் அதற்கு இருக்கும் ஒரே வழி அந்த வென்ட் பைப்.

எவ்வளவு போகிறது? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஏபி-42 என்ற உமிழ்வு அளவுத் தொகுப்பு இதற்குச் சராசரிகள் தருகிறது. பெட்ரோல் மேலிருந்து சிதறி விழும்படி நிரப்பினால், லிட்டருக்கு 1,380 மில்லிகிராம் ஆவி போகிறது. நிரப்பும் குழாயின் வாய் தொட்டியின் அடிவரை இறங்கித் திரவத்துக்குள் மூழ்கியிருந்தால் 880. அதோடு, ஆவியை லாரிக்கே திருப்பி அனுப்பும் இரண்டாவது ஹோஸையும் மாட்டிவிட்டால் வெறும் 40. ஒரு லாரிக்குக் கணக்குப் போட்டால், பதினாறரைக் கிலோ அரைக் கிலோவாகக் குறைகிறது. வெயிலுக்கும் பெட்ரோலின் ஆவியழுத்தத்துக்கும் ஏற்ப இந்த எண்கள் மாறும். ஆனால் மூழ்கிய குழாயாலும் ஒரு ஹோஸாலும் வரும் வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதில் ஐயமில்லை.

இருந்தும் இந்தியாவில் ஆவி மீட்பு என்றதும் பேச்சு, வண்டிக்குப் பெட்ரோல் போடும்போது எழும் ஆவியை உறிஞ்சும் நாசிலுக்குத்தான் போகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் மாதம் 100 கிலோலிட்டர் பெட்ரோல் விற்கக்கூடிய புதிய பங்க்குகளுக்கு ஆவி மீட்பு அமைப்பைக் கட்டாயமாக்கின. அவசியமான நடவடிக்கைதான். அந்த அமைப்பின் எந்தப் பகுதி இங்கே உண்மையில் வேலை செய்யும் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

ஏபி-42 கணக்கில் நாசில் பக்கமும் லாபம் பெரிதாகவே தெரிகிறது: கட்டுப்பாடு இல்லாமல் லிட்டருக்கு 1,320 மில்லிகிராம், கட்டுப்பாட்டோடு 132. ஆனால் அது காருக்கான கணக்கு. கார் டேங்கின் கழுத்துக்குள் நாசில் ஆழமாக நுழைந்து, வாயை ஒட்டி உட்காரும். இந்தியாவிலோ, பெட்ரோலியத் திட்டமிடல் மற்றும் பகுப்பாய்வுப் பிரிவுக்காக நீல்சன் நிறுவனம் நடத்தி 2014-இல் வெளியான ஆய்வின்படி, அப்போது விற்ற பெட்ரோலில் சுமார் 61 விழுக்காடு இருசக்கர வாகனங்களுக்குப் போனது. பைக்குக்குப் போடும் ஊழியரின் கையைப் பார்த்தால் சிக்கல் விளங்கும். நாசிலின் நுனி மட்டும் வாய்க்குள் இருக்கும். பெட்ரோல் வழிந்துவிடக் கூடாதே என்று அவர் குனிந்து உள்ளே பார்த்தபடி, கடைசி 20 ரூபாய்க்கு நாசிலை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடிப்பார். ஆவி நேராக அவர் முகத்துக்கு வரும். பெட்ரோலில் உள்ள பென்சீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட ஒன்று.

அப்படித் திறந்த வாயில் நாசிலோடு இணைந்த உறிஞ்சும் பம்பு எதை இழுக்கும்? ஆவியைவிட வெளிக்காற்றைத்தான் அதிகம் இழுக்கும். இதன் விளைவை அமெரிக்கா வேறொரு காரணத்தால் கண்டிருக்கிறது. அங்கே 1998 மாடல் ஆண்டிலிருந்து, நிரப்பும்போது எழும் ஆவியைத் தன் கரிப்பெட்டியிலேயே பிடித்துக்கொள்ளும் கார்கள் வரத் தொடங்கின. அத்தகைய காரில் நாசிலுக்கு ஆவி கிடைக்கவில்லை. அது தூய காற்றை இழுத்து நிலத்தடித் தொட்டிக்குள் தள்ளியது. அந்தக் காற்றில் பெட்ரோல் ஆவியாகிக் கலக்க, கனஅளவு பெருகி, மிச்சம் வென்ட் பைப் வழியே வெளியேறியது. காரின் கரிப்பெட்டி பரவலாகிவிட்ட நிலையில், 2012 மே மாதம் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நாசில் கட்டுப்பாட்டைக் கைவிட மாநிலங்களுக்கு அனுமதி தந்தது. பைக்கின் திறந்த வாயும் அதே காற்றைத் தொட்டிக்குள் அனுப்பும் வாய்ப்பு உண்டு. இங்கே அதை அளந்து பார்க்காமல் நாசிலை நம்புவது சரியல்ல.

பங்க் ஊழியரின் நுரையீரல் இந்த வாதத்தில் விடுபட்டுவிடக் கூடாது. பைக்குகளில் இப்போதுள்ள கரிப்பெட்டி, வண்டி நிற்கும்போது டேங்கில் எழும் ஆவிக்கானது. நிரப்பும்போது எழுவதை அது பிடிப்பதில்லை. ஊழியரைக் காக்க பைக் டேங்கின் வாயையும் நாசிலையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி மாற்றி வடிவமைக்க வேண்டும். அது வாகனத் தயாரிப்பாளரின் பொறுப்பு. பங்க் முதலாளியின் தலையில் மட்டும் அதைக் கட்டுவது நியாயமில்லை.

லாரி இறக்கும் இடத்தில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. ஹோஸ் இறுக்கமாகப் பூட்டிக்கொள்ளும். பெட்ரோல் இறங்க இறங்க, ஆவி லாரியின் காலி அறைக்குள் ஏறும். வென்ட் பைப்பின் தலையில் குறிப்பிட்ட அழுத்தத்தில் மட்டும் திறக்கும் வால்வு இருந்தால் மிச்சமும் அடங்கும். ஆனால் லாரி அந்த ஆவியைக் கொண்டுபோய் எங்கே விடுகிறது? டிப்போவில் மேல்மூடியைத் திறந்து அடுத்த லோடை ஊற்றினால், பங்க்கில் பிடித்ததெல்லாம் அங்கே பறந்துபோகும். அடிவழி ஏற்றமும், ஆவியைக் கரிப்படுகையில் பிடித்து மறுபடி பெட்ரோலாக மாற்றும் அலகும் அங்கே இருந்தால்தான் சங்கிலி முழுமையாகும். டிப்போவின் பெரிய பெட்ரோல் தொட்டிகளில் கூரை திரவத்தின் மேலேயே மிதந்து, ஆவிக்கு இடமே தராமல் செய்கிறது. அதன் விளிம்புச் சீல் கிழிந்தால் அந்தப் பயன் போய்விடும்.

ஆகவே சோதனைக்கு வரும் அதிகாரி நாசிலைப் பார்ப்பதற்கு முன், லாரி வரும் நேரத்தில் வர வேண்டும். இரண்டாவது ஹோஸ் மாட்டப்பட்டிருக்கிறதா, வென்ட் பைப்பின் வால்வு மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதே லாரியின் பின்னால் டிப்போ வரை போக வேண்டும்.