ஒதுக்கப்பட்ட வானொலிகளின் மறுவாழ்வு

வானொலியின் வரலாறு என்றதும் ஒலிபரப்பு நிலையங்களே நினைவுக்கு வருகின்றன. பொலிஸ் வாகனங்களிலும் வாடகைக் கார்களிலும் பொருத்தப்பட்டிருந்த இருவழி வானொலிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது அதிகம் பேசப்படுவதில்லை.

1940இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலப் பொலிஸார், பேராசிரியர் டானியல் நோபிள் வடிவமைத்த பண்பலை இருவழித் தொடர்பைப் பயன்படுத்தத் தொடங்கினர். போருக்குப் பின் இத்தகைய கருவிகள் பெருகவே, அலைவரிசைகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. ஒவ்வோர் அலைவரிசையின் அகலத்தையும் குறைக்குமாறு கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணைக்குழு பணித்தது. பழுதேதுமற்ற மோட்டரோலா, ஜெனரல் எலெக்ட்ரிக் கருவிகள் 1960களில் பெருமளவில் கைவிடப்பட்டன. அவற்றைக் கழித்தது காலமன்று, சட்டமே.

அவற்றை மலிவு விலைக்கு வாங்கியோர் அமெச்சூர் வானொலியாளர்கள். வர்த்தகக் கருவிகள் 150 மெகாஹேர்ட்ஸுக்கு மேல் இயங்கின. அமெச்சூர்களுக்குரிய 144 முதல் 148 வரையான பகுதி அதற்கு அண்மையிலேயே இருந்தது. அதிர்வெண்ணைத் தீர்மானிக்கும் படிகத்தை மாற்றி, சுற்றுக்களைத் திருத்தினால் கருவி பேசியது. ஆயினும் அதன் குரல் மலைகளைத் தாண்டவில்லை. உயர்ந்த இடத்தில் நின்று, கேட்டதை உடனே எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அவரே 'ரிப்பீட்டர்'.

வாகன வானொலியில் பேசுவதற்குப் பொத்தானை அழுத்தினால், கேட்கும் பகுதி ஓய்ந்துவிடும். ரிப்பீட்டரோ இரண்டையும் ஒரே வேளையில் செய்தாக வேண்டும். எனவே ஆர்வலர்கள் இரு பகுதிகளையும் பிரித்தனர். அலை வந்து சேர்ந்ததும் தானே இயங்கும் ரிலே ஒன்று, பொத்தானை அழுத்தும் விரலின் வேலையை ஏற்றது. பல நிலையங்கள் 146.34 மெகாஹேர்ட்ஸில் கேட்டு 146.94இல் ஒலித்தன. இடைவெளி 0.6 மெகாஹேர்ட்ஸ் மட்டுமே. தன் குரலே தன் காதை அடைத்துவிடாதிருக்க உலோக உருளை வடிகட்டிகள் தேவைப்பட்டன. சிறு உரையாடல்களுக்கென அமைந்த கருவி நெடுநேரம் இயங்கிச் சூடேறியதால், விசிறியும் பூட்ட வேண்டியிருந்தது.

1972இல் ஆணைக்குழு ரிப்பீட்டர்களுக்கெனத் தனி விதிகளையும் உரிமத்தையும் கொண்டுவந்தது. பின்னாளில் அவை தளர்த்தப்பட்டன. 2013 ஜனவரி 1 முதல் வர்த்தக அலைவரிசைகள் 25இலிருந்து 12.5 கிலோஹேர்ட்ஸாக மேலும் ஒடுக்கப்பட்டபோது, பழைய கருவிகள் மீண்டும் அமெச்சூர்களின் மேசைகளை வந்தடைந்தன.

மலையுச்சியில் ஒருவர் தம் செலவில் நிறுவும் ரிப்பீட்டர், சிறு கருவியுடன் அடிவாரத்தில் நிற்பவரின் குரலையும் சுமக்கிறது. தொலைபேசி செயலிழக்கும் பேரிடர் வேளையில் அதன் பெறுமதி புரியும். உத்தரவொன்று பழம்பொருளாக்கியதை ஊருக்குப் பொதுவாக்கியவர்கள், ஊதியம் பெறாத இம்மனிதர்களே.