ஐதராபாத்தில் பழைய ஆடையும் பேரமும்

ஐதராபாத்தில் வந்து குடியேறும் நம்மவர் முதலிற் கற்றுக்கொள்ளும் உருதுச் சொற்களுள் ஒன்று "நக்கோ" என்பது. "வேண்டா" என்று பொருள்படும் இச்சிறு சொல் இல்லாமல் இந்நகரக் கடைத்தெருவில் பேரம் நடவாது. சார்மினாரை அடுத்த லாட் பஜாரின் வளையற்கடைகளிலாயினும், வியாழக்கிழமை கூடுவதால் ஜுமேராத் பஜார் எனப் பெயர்பெற்ற பழம்பொருட் சந்தையிலாயினும், ஞாயிறுதோறும் எர்ரகட்டாவில் கூடும் சந்தையிலாயினும், சொன்ன விலைக்கு முகஞ்சுளித்து, நான்கடி நடந்து, பின்னாலிருந்து அழைக்கப்பட்டுத் திரும்பி வரும் இன்பத்தை நுகராதவர் இந்நகரை முழுதும் அறிந்தவராகார்.

இத்தகைய சந்தைகளுக்குப் பெருமனைப் பொருள்கள் வந்து சேர்ந்தது எங்ஙனம்? அதற்கு ஒரு வரலாறு உண்டு; அது முற்றும் இன்பமயமானதன்று.

ஆறாம் நிஜாம் மகபூப் அலி கான் ஒருமுறை உடுத்ததை மறுமுறை உடுத்தார் என்பது பரவலாக வழங்கும் செய்தி. அவருடைய ஆடைகளுக்கென்றே புரானி ஹவேலியில் அமைத்த நெடிய மர அலமாரிக் கூடத்தை அங்குள்ள நிஜாம் அருங்காட்சியகத்திற் காணலாம். 1911-இல் பட்டமேறிய அவர் மைந்தர் மீர் உஸ்மான் அலி கானோ, உலகப் பெருஞ்செல்வருள் ஒருவராக எண்ணப்பட்டும், பழைய ஷெர்வானியும் நைந்த குல்லாயுமாகக் காட்சியளித்தவர். தந்தையின் பாதரட்சையொன்றின் நுனியிற் கிடந்த ஜேகப் வைரத்தைக் கண்டெடுத்து, காகிதம் பறவாதிருக்கப் பாரமாக வைத்துக்கொண்டார் என்பர். ஏறத்தாழ 185 காரட் எடையுள்ள கல் அது. அவ்வாறொரு கண்டெடுப்பு எந்தச் சந்தையிலும் வாய்க்காது. அதற்கு அவர் பேரம் பேசவேண்டிய தேவையும் இருக்கவில்லை!

அரண்மனையைப் பார்த்து ஜாகீர்தார்களும் உடுத்தினர். பருத்தியும் பட்டும் கலந்து ஔரங்காபாத்தில் நெய்த ஹிம்ரூ, மேற்புறம் பட்டாகவும் உடலிற் படும் உட்புறம் பருத்தியாகவும் அமைந்த மஷ்ரூ, சரிகைப் பூவேலை நிறைந்த மணக்கோல ஆடைகள் ஆகியன பெட்டி பெட்டியாக இவ்வீடுகளில் இருந்தன. 1948 செப்டம்பரில் ஐதராபாத் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தது. 1949 ஆகஸ்டு 15-ஆம் நாள் ஜாகீர் ஒழிப்புச் சட்டம் பிறந்தது. குடியானவனுக்கு அது விடுதலை. ஆனால் வருவாய் நின்ற பல மனைகளிலிருந்து பீங்கானும் விளக்கும் ஆடையும் கொல்லைப்புற வழியாக வெளியேறலாயின. வாங்கியவனுக்கு மலிவு, விற்றவளுக்கு அடுத்த மாத அரிசி.

ஆடைகளின் கதி மிகக் கொடிது. அசல் சரிகை என்பது பட்டிழையின்மேல் வெள்ளித் தகட்டிழையைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. துணியை எரித்தால் பட்டு சாம்பலாகும், வெள்ளி மிஞ்சும். ஆகவே வணிகன் வேலைப்பாட்டை நோக்கான், தராசை நோக்குவான். பாட்டியின் கூறைப்புடவையைக் கொடுத்து எவர்சில்வர் அண்டா வாங்கிய நம் வீட்டுப் பெண்டிருக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. பேரம் பேசி வாங்கி அதனை உடுத்துகிறவரோ பேணுகிறவரோ, அறிந்தோ அறியாமலோ, அந்த உலைக்குப் போட்டியாக விலை கேட்கிறார்.

பழம்பொருள் திரட்டியவர் என்றால் அனைவரும் மூன்றாம் சாலார் ஜங்கையே சொல்லுவர். 1912 முதல் 1914 வரை திவானாக இருந்து விலகிய அவர், 1949-இல் மறையும்வரை உலகெங்குமிருந்து பொருள்களை வரவழைத்தார். 1951 டிசம்பர் 16 அன்று பண்டித நேரு திறந்துவைத்த அருங்காட்சியகம் அவற்றைக் கொண்டதே. பெரும்பணி, ஐயமில்லை. எனினும் என் மதிப்பில் அவரினும் உயர்ந்தவர்கள் ஜகதீஷ் மித்தல், கமலா மித்தல் என்னும் ஓவியத் தம்பதியர். 1950-களின் தொடக்கத்தில் இந்நகருக்கு வந்த அவர்களுக்குத் திவானின் கருவூலம் இல்லை. தேர்ந்த கண் இருந்தது. சிற்றோவியமும் பிதர் வேலைப் பாத்திரமும் பழந்துணியுமாகத் திரட்டியவற்றைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல், 1976-இல் ஓர் அறக்கட்டளைக்கு உரியவாக்கி அருங்காட்சியகம் நிறுவினர்.

நம் சங்கத்து அன்பர் எவரேனும் பழந்துணி தேடிச் செல்வாராயின், முதலில் உட்புறத்தைப் புரட்டிப் பார்க்க. மஷ்ரூவின் உண்மை அங்கேதான் தெரியும். காஞ்சிப் பட்டாயின் சரிகையை நகத்தாற் சற்றே சுரண்டுக. உள்ளே சிவந்த பட்டிழை தோன்றினால் பெரும்பாலும் அசலே. மடிப்புகளை வெளிச்சத்திற் பிடித்து நோக்குக; பழம்பட்டு முதலில் இற்றுப்போவது அங்கேதான். பின்னர்ப் பேரம் பேசுக. அவ்வாடை எந்த ஊரில், எந்த வீட்டில் இருந்தது என்றும் கேட்க. பெரும்பாலும் விற்பவர் சொல்லார். சொல்லிவிட்டால், அந்த ஒரு சொல்லுக்காக விலையிற் சற்றே விட்டுக்கொடுத்து, அதை ஒரு சீட்டில் எழுதித் துணியோடு சேர்த்துத் தைத்து வைக்க.