மண்டபம் முகாம்: தமிழகக் கரையில் இலங்கையின் நோய்த்தடுப்பு நிலையம்

கொள்ளைநோய்க் காலத்தில் அண்டை நாடுகள் கைகோத்த வரலாற்றை, சார்க் தலைவர்கள் 2020 மார்ச் 15 அன்று காணொலி வழியாகக் கூடிய நிகழ்விலிருந்து தொடங்குவது இன்றைய வழக்கம். தமிழகத்தைப் பொறுத்தவரை அவ்வரலாறு நூறாண்டு மூத்தது. அதற்கான சான்று, இராமேசுவரம் இருப்புப்பாதையில் ‘மண்டபம் கேம்ப்’ என்னும் நிலையப் பெயராக இன்றும் நிற்கிறது.

1896இல் பம்பாயில் பிளேக் பரவியதும் இலங்கை அரசு அச்சம் கொண்டது. அதன் தேயிலைத் தோட்டங்கள் தமிழ் மாவட்டத் தொழிலாளர்களை நம்பியிருந்தன. ஆள்வரவை நிறுத்தவும் முடியாது, தடையின்றி விடவும் இயலாது. எனவே மன்னார் வழியாகச் சென்ற பழைய வடபாதை அடைக்கப்பட்டது. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள தட்டப்பாறையில் தொழிலாளர்களைத் தடுத்து வைத்துச் சோதித்துக் கப்பலேற்றும் முறை வந்தது. 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டுத் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் தொடர்பும் ஏற்பட்டபின், அப்பணி மண்டபத்திற்கு வந்தது.

இம்முகாமின் தனித்தன்மை அதன் ஆட்சியமைப்பில் உள்ளது. நிலம் சென்னை மாகாணத்தினுடையது. நிருவாகம் இலங்கை அரசினுடையது. இரண்டும் பிரித்தானிய ஆட்சிக்கு உட்பட்டவையே எனினும், இலங்கை குடியேற்ற நாட்டு அலுவலகத்தின் கீழும் இந்தியா தனி அலுவலகத்தின் கீழும் இருந்தன. ஆக, ஓர் அரசின் சுகாதார எல்லை மற்றோர் அரசின் கரைமீதே வரையப்பட்டது. வந்தவர்கள் சில நாள்கள் தங்கவைக்கப்பட்டனர், அம்மைப்பால் குத்தப்பட்டது, உடைகள் நோய்நீக்கம் செய்யப்பட்டன.

இதனை ஒத்துழைப்பு என்றே அழைக்கலாம். ஆனால் யாருக்கிடையிலான ஒத்துழைப்பு என்று கேட்க வேண்டியுள்ளது. அரசுகளும் தோட்ட முதலாளிகளும் உடன்பட்டனர். அடைக்கப்பட்டவரை எவரும் கேட்கவில்லை. உயர்வகுப்புப் பயணிகளுக்கு இம்முகாம்வாசம் பொருந்தவில்லை. இதனினும் முரணான செய்தி ஒன்றுண்டு: கூலியாள்களை இவ்வளவு கண்காணித்தும் 1914இல் கொழும்பில் பிளேக் தோன்றியது. இரங்கூனிலிருந்து வந்த அரிசிச் சரக்கின் எலிகளே அதற்குக் காரணம் எனக் கருதப்பட்டது. மனிதர் தடுக்கப்பட்டனர், மூட்டைகள் கடந்து சென்றன. (2020இல் அயனம்பாக்கத்தில் எங்கள் தெருவைத் தகரமடித்து அடைத்தபோது, சரக்கு வண்டிகள் நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்தது இக்கட்டுரையாளருக்கு நினைவுக்கு வருகிறது.)

தகவல் பகிர்வு இதனினும் நேர்மையான ஒத்துழைப்பு எனலாம். நாடுகளின் கூட்டமைப்பு 1925இல் சிங்கப்பூரில் தொடங்கிய கிழக்குப் பிரிவு, ஆசியத் துறைமுகங்களின் நோய்நிலையை வாரந்தோறும் தந்திவழித் திரட்டி மீண்டும் அவற்றுக்கே அறிவித்தது. இங்கு எவரும் அடைக்கப்படவில்லை. செய்தி மட்டுமே பயணம் செய்தது.

2020ஆம் ஆண்டின் சார்க் கூட்டத்தில் இந்தியா 1 கோடி டாலர் அளித்து அவசர நிதியைத் தொடங்கியது. 2021 ஜனவரி 28 அன்று 5 லட்சம் கோவிஷீல்டு தடுப்பூசிகள் கொழும்பு சேர்ந்தன. ஆனால் இரண்டாம் அலையில் இந்திய ஏற்றுமதி நின்றபோது, இலங்கையில் சுமார் 6 லட்சம் பேர் இரண்டாம் தவணைக்குக் காத்திருந்தனர். அந்தப் பற்றாக்குறையைத் தீர்த்தது சப்பான் அனுப்பிய தடுப்பூசி. ஒரே உற்பத்தியாளரை நம்பிய அண்டை நட்பின் வரம்பு அப்போது வெளிப்பட்டது.

மண்டபம் முகாமோ 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் தாயகம் திரும்பிய மலையகத் தமிழரை வரவேற்றது; 1980களில் போர் அகதிகளை ஏற்றது. 2022 மார்ச் முதல், பொருளாதார நெருக்கடியால் படகேறி வந்த இலங்கைத் தமிழர்களும் அங்கேயே தங்கவைக்கப்பட்டனர்.