நிலையமில்லாத ஐயம்பேட்டையும் ஒரு ரயில் பாதையும்

ஐயம்பேட்டை என்ற பெயரில் ரயில் நிலையம் உண்டா என்று கேட்டால், தஞ்சைக்காரர் உடனே உண்டு என்பார். தஞ்சாவூருக்கும் பாபநாசத்துக்கும் நடுவே உள்ள ஐயம்பேட்டை அது. காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் இடையே, தறிச் சத்தத்தோடு விடியும் நம் ஐயம்பேட்டைக்கு நிலையம் கிடையாது. ரயில் ஏற வேண்டுமானால் வாலாஜாபாத்துக்கோ நத்தப்பேட்டைக்கோ காஞ்சிக்கோ போயாக வேண்டும். இத்தனைக்கும் செங்கல்பட்டு – அரக்கோணம் பாதையின் கதையில் இந்த நெசவுப் பேட்டைகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அப்பாதை காஞ்சியைத் தொடவில்லை. வடக்கே அரக்கோணம் வழியாக விலகிப் போனது. கோயில்களும் தறிகளும் நிறைந்த நகரம் பிரதானப் பாதைக்கு வெளியே நின்றது. இந்தக் குறையைத் தீர்க்க முன்வந்தது அரசு அன்று; இந்தியன் டிராம்வே கம்பெனி என்ற தனியார் நிறுவனம். அரக்கோணத்திலிருந்து காஞ்சிக்குப் பத்தொன்பது மைல் நீளத்தில் அது அமைத்த இலகு ரயில் பாதை 1865இல் திறக்கப்பட்டது.

அப்பாதையின் அகலம் மூன்றடி ஆறு அங்குலம். சென்னை ரயில்வேயின் அகலமோ ஐந்தடி ஆறு அங்குலம். செலவு குறைவு என்பதே குறுகிய பாதைக்கான வாதம். நார்வே 1862இல் இதே அகலத்தில் பாதை போட்டிருந்தது; ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து 1865இலும் ஜப்பான் 1872இலும் இதையே தேர்ந்தன. உலகின் பல மூலைகளில் நடந்துகொண்டிருந்த ஒரு சோதனையில், நம்மூர் வரலாற்று நூல்கள் அதிகம் பேசாவிட்டாலும், காஞ்சிக்கும் இடமிருந்தது.

ஆனால் அகலம் வேறானால் பெட்டி மாறாது. சரக்குதான் மாற வேண்டும். காஞ்சியிலிருந்து வந்த மூட்டை அரக்கோணத்தில் இறக்கப்பட்டு மறுபடி ஏற்றப்பட்டது. நெசவாளருக்கு இது புதிய சங்கதியன்று. உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமும் வைத்து நெய்யும் கோர்வைச் சேலையில், இரண்டும் சேரும் இடத்தில்தான் உழைப்பு அதிகம். ரயில்வேயிலும் அப்படியே. வித்தியாசம் ஒன்றுதான்: கோர்வை சேலைக்கு விலை கூட்டும், அரக்கோணத்துக் கோர்வை செலவை மட்டுமே கூட்டியது.

கம்பெனி பின்னர் கர்நாடிக் ரயில்வே என்று பெயர் மாறி, 1874இல் கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வேயுடன் இணைந்தது. அவ்விணைப்பில் பிறந்ததே தென்னிந்திய ரயில்வே. அடுத்த சில ஆண்டுகளில் காஞ்சிப் பாதை மீட்டர் பாதையாக மாற்றப்பட்டு, செங்கல்பட்டு வரை நீண்டது. 1876 – 78 பெரும்பஞ்சம் முடிந்த காலத்தை ஒட்டிய மாற்றம் அது. பஞ்சத்தில் முதலில் விழுந்தவர்களில் நெசவாளரும் உண்டு. உழவருக்கு மழை பொய்த்தால் பஞ்சம். நெசவாளருக்கோ உழவர் துணி வாங்குவதை நிறுத்திய நாளிலேயே பஞ்சம். தானியத்தைக் கொண்டுவந்து உயிர்காக்கும் சாதனமாகவே 1880ஆம் ஆண்டின் பஞ்சக் கமிஷன் ரயிலைப் பரிந்துரைத்தது. அதே ரயில்தான் லங்காஷயர் நூலையும் துணியையும் உள்ளூர்ச் சந்தை வரை கொண்டுவந்தது. ஒரே தண்டவாளம் ஒரு கையால் கொடுத்தது, மறு கையால் எடுத்தது. பருத்தித் தறிகள் நசிந்த இடங்களில் பட்டு நின்று பிடித்ததென்றால், கச்சாப் பட்டைக் கன்னட நாட்டிலிருந்தும் சரிகையைச் சூரத்திலிருந்தும் தருவிக்கும் நெடுவழிகள் அதற்கு உதவின என்பதையும் மறுக்க முடியாது.

இந்தப் பாதையை ஓர் இலக்கிய மாணவன் வேறு விதமாகவும் வாசிக்கலாம். பாலாற்றங்கரையில் பழைய சீவரம், எதிர்க்கரையில் திருமுக்கூடல். வீரராசேந்திரன் காலத்து மருத்துவமனையைப் பற்றிப் பேசும் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. நவாபின் பட்டப்பெயரைச் சுமந்து, பின்னர் ஆங்கிலேயர் படைமுகாமாக விளங்கியது வாலாஜாபாத். காஞ்சியைத் தாண்டினால் தேவாரம் பாடிய திருமாற்பேறு. பயணச்சீட்டில் அது திருமால்பூர். அடுத்தது திருவூறல் என்னும் தக்கோலம். 949இல் சோழ இளவரசன் இராசாதித்தன் யானை மேல் உயிர்விட்ட களம் அது. காஞ்சிக்கு வழி சொல்லும் பெரும்பாணாற்றுப்படையை வகுப்பில் நடத்தும்போது, இப்பாதையின் நிலையப் பெயர்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் தொடங்குவது என் வழக்கம். ஊர்ப்பெயர்களை வரிசையாகச் சொல்லுவதே ஒரு வரலாற்றுப் பாடம் என்பது மாணவர்களுக்கு அப்போது எளிதில் விளங்கும்.

தக்கோலத்தை வரலாறு மீண்டும் ஒருமுறை வழிமறித்தது. அரக்கோணத்தில் 1992இல் இராஜாளி கடற்படை விமானத் தளம் அமைந்தது. அதன் ஓடுபாதைக்கு அருகே மின்கம்பிகள் செல்ல முடியாத நிலையில், அகலப்பாதையான பின்னும் சென்னைக் கடற்கரையிலிருந்து வந்த மின்ரயில்கள் திருமால்பூரோடு நின்றன. பாதை விலக்கி அமைக்கப்பட்ட பிறகு, 2019 ஏப்ரலில்தான் கடற்கரை, தாம்பரம், செங்கல்பட்டு, காஞ்சி, அரக்கோணம் என்று சுற்றி மீண்டும் கடற்கரைக்கே வரும் வட்ட ரயில் தொடங்கியது. ஏறக்குறைய 190 கி.மீ. சுற்று. அவ்வாண்டு சூலையிலும் ஆகஸ்டிலும் அத்தி வரதர் தரிசனத்துக்கு மக்கள் வெள்ளம் திரண்டபோது, காஞ்சிக்கு ரயில் எத்தனை அவசியம் என்பதை ஊரே கண்டது.

கூட்டம் கலைந்தபின் எஞ்சியது பழைய கேள்வியே. இது ஒற்றைப் பாதை. எதிர்வரும் வண்டிக்காக நிலையத்தில் காத்திருப்பது இதன் இயல்பு. பேட்டைகளின் இளைஞர்கள் இன்று தறிக்குழியில் இறங்குவதைவிட ஒரகடத்துக்கும் திருப்பெரும்புதூருக்கும் ஆலை வேலைக்குப் போவதையே விரும்புகின்றனர். அவர்களை ஏற்றிச் செல்வது ஆலைப் பேருந்து. துணிக்காக வந்த ரயில் துணியை விட்டுவிட்டது. ஆளுக்காக வரவேண்டிய ரயில் இன்னும் போதிய அளவு வரவில்லை. 1865இலும் பாதையின் அகலத்தை ஐயம்பேட்டைக்காரர் தீர்மானிக்கவில்லை. பின்னாளில் வண்டி எங்கே நிற்கும் என்பதையும் அவர் தீர்மானிக்கவில்லை. ரயில்வே அட்டவணையில் காஞ்சியின் குறியீடு இன்றும் கான்ஜீவரம் என்ற பழைய ஆங்கில உச்சரிப்பிலிருந்து வந்த 'சி.ஜே.' தான். பெயரைத் திருத்துவது எளிது. யாருக்காகப் பாதை என்ற கேள்வியைத் திருத்தி எழுதுவதே கடினம்.