உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டங்களும் மக்களின் நம்பிக்கையும்: நெய்யின் வழியே ஒரு வரலாறு

முன்னுரை

2024 செப்டம்பர் 18 அன்று ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு, முந்தைய ஆட்சிக் காலத்தில் திருப்பதி லட்டுக்குப் பயன்படுத்திய நெய்யில் விலங்குக் கொழுப்பு கலந்திருந்தது என்று பேசினார். ஓரிரு நாளில் திண்டுக்கல் ஊரின் பெயர் நாடெங்கும் செய்திகளில் அடிபட்டது. சர்ச்சைக்குரிய நெய்யைத் தேவஸ்தானத்துக்கு அனுப்பிய பால்பொருள் நிறுவனங்களில் ஒன்று திண்டுக்கல்லைச் சேர்ந்தது. பூட்டுக்கும் பிரியாணிக்கும் பேர்போன எங்கள் ஊரில் அந்த வாரம் டீக்கடை முதல் கோயில் பிரகாரம் வரை இதே பேச்சுத்தான்.

அந்தப் பேச்சில் இரண்டு கேள்விகள் இருந்தன. "நாம் வாங்கும் நெய் நல்ல நெய்தானா?" என்பது முதல் கேள்வி. "யார் சொன்னால் நம்புவது?" என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு ஆய்வுக்கூடம் விடை சொல்லும். இரண்டாவது கேள்விக்கு விடை தேட, நூறாண்டுக்கு மேற்பட்ட ஒரு வரலாற்றைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் கலப்படத் தடுப்புச் சட்டம் வளர்ந்த கதையில் நெய்க்குத் தனி இடம் உண்டு.

கல்கத்தா நெய்க் கலவரமும் 1918 சென்னைச் சட்டமும்

உணவில் கலப்படம் செய்வோருக்குத் தண்டனை விதிப்பது பழைய வழக்கம். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்திலேயே அதற்கு இடமுண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் வந்த 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 272, 273 ஆகிய பிரிவுகளில் உணவுக் கலப்படத்தையும் கேடான உணவு விற்பனையையும் குற்றமாக்கியது. ஆனால் கலப்படத்தால் உணவு உடலுக்குக் கேடானது என்று நிரூபித்தால்தான் அந்தப் பிரிவுகள் பயன்பட்டன. பாலில் தண்ணீர் ஊற்றியவரை அவற்றால் பிடிப்பது கடினமாக இருந்தது.

1917இல் கல்கத்தாவில் நெய்யில் விலங்குக் கொழுப்பு கலக்கப்படுவதாகச் செய்தி பரவியது. ஆயிரக்கணக்கான பிராமணர்கள் ஹூக்ளி ஆற்றங்கரையில் கூடிப் பிராயச்சித்தச் சடங்கு செய்தனர். வணிகச் சமூகத்துக்குள்ளேயே பெரும் பிளவு உண்டானது. அந்த ஆண்டிலேயே கல்கத்தா நகராட்சிச் சட்டம் திருத்தப்பட்டு, கலப்பட நெய் விற்பனைக்குக் கடும் கட்டுப்பாடு வந்தது. 2024ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பழைய செய்தி வியப்பளிக்கும். நெய் வெறும் உணவுப்பொருள் அன்று. விளக்கிலும் வேள்வியிலும் பிரசாதத்திலும் சேர்வது. அதனால்தான் நெய்யில் நம்பிக்கை உடைந்தால் ஊரே கலங்குகிறது.

மறு ஆண்டு, 1918இல், சென்னை மாகாணக் கலப்படத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. வங்காளம் 1919இலும் பம்பாய் 1925இலும் இத்தகைய சட்டங்களை இயற்றின. திண்டுக்கல் அப்போது மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1866 முதலே நகராட்சியாகவும் இருந்தது. சென்னை கிண்டியில் உள்ள கிங் நிலைய வளாகத்து அரசு பகுப்பாய்வுக்கூடம் மாகாணத்தின் உணவு ஆய்வுக்குப் பல காலம் மையமாக விளங்கியது.

வனஸ்பதியைக் காட்டிக்கொடுத்த நல்லெண்ணெய்

1930களில் புதிய சிக்கல் வந்தது. தாவர எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்தி உறையவைத்த வனஸ்பதி, சந்தையில் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது. டால்டா என்ற பெயர் 1937 முதல் வீடுதோறும் பரவியது. வனஸ்பதியைத் தனியாக விற்பது குற்றமில்லை. ஆனால் நெய்யைப் போலவே மணல் மணலாக உறையும் அதை நெய்யில் கலந்துவிட்டால் கண்ணாலோ நாக்காலோ கண்டுபிடிக்க இயலாது.

விடுதலைக்குப் பின் வனஸ்பதியையே தடைசெய்ய வேண்டும் என்ற கோரிக்கை நாடாளுமன்றம் வரை சென்றது. வனஸ்பதிக்கு நிறமூட்டினால் கலப்படம் தெரிந்துவிடும் என்று சிலர் சொன்னார்கள். சமையல் சூட்டிலும் மாறாத, உடலுக்குக் கேடில்லாத, எளிதில் நீக்க முடியாத நிறம் கிடைக்கவில்லை.

இறுதியில் நிலைத்தது வேறொரு வழி. வனஸ்பதியில் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று விதி செய்தார்கள். சந்தேகப்படும் நெய்யில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் சிறிது பர்பியூரால் கரைசலையும் சேர்த்துக் குலுக்கினால், நல்லெண்ணெய் இருந்தால் அமில அடுக்கு செந்நிறமாகும். இதற்குப் பௌதுவான் சோதனை என்று பெயர். நெய்யில் வனஸ்பதி கலந்தவர் தம்மை அறியாமலே நல்லெண்ணெயையும் கலந்துவிடுவார். அது அவரைக் காட்டிக்கொடுக்கும்.

இந்த ஏற்பாட்டுக்கு ஓர் எல்லையும் உண்டு. வனஸ்பதிக்கு அடையாளம் வைத்தார்கள். மற்றக் கொழுப்புகளுக்கு அத்தகைய அடையாளம் இல்லை. ஆகவே விலங்குக் கொழுப்போ பாமாயிலோ கலந்திருக்கிறதா என்று அறிய, கொழுப்பு அமிலங்களின் அளவைக் கருவிகளால் அளந்து கணக்கிட வேண்டியுள்ளது. சோதனைக்குழாயில் சிவப்பு நிறத்தைக் கண்ணால் பார்த்து நம்புவது எளிது. எண்கள் நிறைந்த அறிக்கையைப் பார்த்து நம்புவது அவ்வளவு எளிதன்று.

1954 சட்டம்: கடுமை உண்டு, வேகம் இல்லை

உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம் 1954இல் நிறைவேறி, 1955 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நகராட்சிகளில் சுகாதார ஆய்வாளர்களே உணவு ஆய்வாளர்களாகவும் செயல்பட்டனர். அவர்கள் எடுக்கும் மாதிரி மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்படும். ஒன்று பகுப்பாய்வாளருக்குச் செல்லும்; மற்றவை பிற்பாடு சரிபார்க்கப் பாதுகாக்கப்படும். 1964ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் குறைந்தபட்சத் தண்டனை ஆறு மாதச் சிறையும் ஆயிரம் ரூபாய் அபராதமும் ஆனது.

தண்டனை கடுமையாக இருந்ததால் பயன் கூடியதா என்றால், முழுமையாக இல்லை. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. அளவில் சிறிது குறைந்த பொருளை விற்ற சிறு கடைக்காரரும், வேண்டுமென்றே நஞ்சு கலந்தவரும் ஒரே வகைக் குற்றவியல் வழக்கைச் சந்தித்தனர். தீர்ப்பு வரும்போது அந்தப் பொருளை வாங்கியவர்களுக்கு அது மறந்தே போயிருக்கும்.

இந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவு பலர் அறியாத ஒன்று. கடையில் பொருள் வாங்கிய எவரும், உரிய கட்டணம் செலுத்தி, அதை அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். கலப்படம் உறுதியானால் கட்டணம் திருப்பித் தரப்படும். அதிகாரியின் அதிகாரத்தில் ஒரு பங்கை வாங்குபவர் கையில் வைத்த பிரிவு இது.

2006 சட்டம்: மாதிரி செல்லும் வழி

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006இல் வந்தது. அதன்கீழ் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2008இல் அமைந்தது. விதிமுறைகள் 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வர, 1954ஆம் ஆண்டுச் சட்டம் விடைபெற்றது. மாவட்டந்தோறும் நியமன அலுவலரும் அவர்கீழ் உணவுப் பாதுகாப்பு அலுவலர்களும் பணியாற்றுகின்றனர். தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, கோயம்புத்தூர், சேலம், தஞ்சாவூர், பாளையங்கோட்டை ஆகிய ஆறு இடங்களில் அரசு உணவுப் பகுப்பாய்வுக்கூடங்கள் உள்ளன.

இப்போது மாதிரி நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு பகுதி உணவுப் பகுப்பாய்வாளருக்குச் செல்லும். இரண்டு பகுதிகள் நியமன அலுவலரிடம் இருக்கும். கடைக்காரர் கேட்டால் நான்காவது பகுதி அங்கீகாரம் பெற்ற வேறோர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பப்படும். பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். அதை ஏற்காத கடைக்காரர் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்தால், மேலாய்வுக்கூடத்தின் முடிவே இறுதியானது. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நியாயம் கிடைக்க இந்த ஏற்பாடு.

முந்தைய சட்டத்தின் 12ஆம் பிரிவு இதில் 40ஆம் பிரிவாகத் தொடர்கிறது. பொருளை வாங்கும்போதே, சோதனைக்கு அனுப்பப்போவதாகக் கடைக்காரரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது நிபந்தனை.

மூன்று சொற்கள்

புதிய சட்டம் குறையுள்ள உணவை மூன்று வகையாகப் பார்க்கிறது. உடலுக்குத் தீங்கு செய்வது பாதுகாப்பற்றது. அதற்குச் சிறைத்தண்டனை உண்டு. உயிரிழப்பு நேர்ந்தால் குறைந்தது ஏழு ஆண்டு முதல் ஆயுள் வரை சிறையும், குறைந்தது 10 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கப்படும். நிர்ணயித்த அளவுக்குக் குறைந்தது தரம் குறைந்தது. அபராதம் 5 லட்சம் ரூபாய் வரை. பொட்டலத்தில் தவறான விவரம் இருந்தால் அது தப்புக் குறியீடு; அபராதம் 3 லட்சம் ரூபாய் வரை.

இந்த வேறுபாடு மக்களிடம் சேராததால் விளைந்த குழப்பத்துக்குப் பால் நல்ல சான்று. ஆணையம் 2012இல் வெளியிட்ட ஆய்வில் 1,791 பால் மாதிரிகளில் 68.4 சதவீதம் நிர்ணயித்த தரத்தில் இல்லை என்று கண்டது. மிகப் பரவலான குறை, தண்ணீர் சேர்ந்து சத்து குறைந்தது. ஆனால் "நாட்டில் மூன்றில் இரண்டு பங்குப் பால் கலப்படம்" என்ற செய்திதான் மக்கள் மனத்தில் தங்கியது. 2018இல் 6,432 மாதிரிகளில் நடந்த ஆய்வு, 12 மாதிரிகளில் மட்டுமே கலப்படம் உள்ளது என்றும், 93 சதவீதம் உண்ணப் பாதுகாப்பானவை என்றும் கூறியது. முதல் எண்ணை நம்பியவர்கள் இரண்டாவது எண்ணை நம்பவில்லை.

2018 ஆய்வில் நாம் உண்மையில் கவலைப்பட வேண்டிய செய்தி வேறு. தமிழ்நாட்டின் 551 மாதிரிகளில் 88இல் அஃப்ளாடாக்சின் எம்1 என்ற நச்சு வரம்பைத் தாண்டியிருந்தது. இது பால்காரர் கலப்பதன்று. பூஞ்சை பிடித்த தீவனத்தை மாடு தின்பதால் பாலில் வருவது. கடையில் சோதனை நடத்துவதோடு தீவனக் கிடங்கையும் கவனிக்க வேண்டும் என்பதே அதன் பாடம். கலப்படம் என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடைத்ததால் இந்தப் பாடம் பலர் காதில் விழவில்லை.

2024: அறிக்கை சொன்னதும் ஊர் கேட்டதும்

இப்போது திண்டுக்கல்லுக்குத் திரும்புவோம். 2024 ஜூலையில் திருப்பதிக்கு வந்த நெய் மாதிரிகள் குஜராத் மாநிலம் ஆனந்தில் உள்ள தேசிய பால்வள வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்டன. பால் கொழுப்பின் 'எஸ்' மதிப்புகள் இயல்பான எல்லைக்கு வெளியே இருந்தன; ஆகவே வேற்றுக் கொழுப்பு இருக்கலாம் என்பது முடிவு. எந்தெந்தக் கொழுப்புகளாக இருக்கலாம் என்ற பட்டியலில் சோயா, சூரியகாந்தி, பாமாயில் போன்றவற்றுடன் மீன் எண்ணெய், மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு ஆகியவையும் இருந்தன. மாட்டின் தீவனம், உடல்நிலை முதலிய சில காரணங்களாலும் இத்தகைய மதிப்பு வரக்கூடும் என்ற குறிப்பும் அதே அறிக்கையில் இருந்தது.

செய்தியாகப் பரவியபோது "இருக்கலாம்" என்பது "இருக்கிறது" ஆனது. பட்டியலின் கடைசிச் சில பெயர்கள் மட்டும் நின்றன. குறிப்பு காணாமல் போனது. அறிக்கை பொருட்படுத்தத் தக்கதன்று என்று இதற்குப் பொருளில்லை. நெய் இயல்பாக இல்லை என்று அது தெளிவாகவே சொன்னது. எந்தக் கொழுப்பு, யார் கலந்தது, எங்கே கலந்தது என்ற கேள்விகளுக்கு மேல்விசாரணை தேவைப்பட்டது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. உச்ச நீதிமன்றம் அக்டோபர் 4 அன்று, மத்தியப் புலனாய்வு அமைப்பு, ஆந்திரக் காவல்துறை, உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆகியவற்றின் அலுவலர்கள் கொண்ட சிறப்புக் குழுவிடம் விசாரணையை ஒப்படைத்தது. 2025 பிப்ரவரியில் வெவ்வேறு பால்பொருள் நிறுவனங்களுடன் தொடர்புடைய நால்வர் கைதாயினர். குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றமே சொல்ல வேண்டும்.

இதற்கிடையில் வதந்தி பக்கத்து மலைக்கும் ஏறியது. பழனி பஞ்சாமிர்தத்திலும் அதே நெய்தான் என்று சமூக ஊடகங்களில் எழுதினார்கள். ஆவின் நெய்யே பயன்படுத்தப்படுவதாக அரசுத் தரப்பு மறுத்தது. வாழைப்பழம், வெல்லம், தேன், நெய், ஏலக்காய் ஆகியவை சேரும், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பிரசாதம், எந்தச் சோதனை முடிவும் இல்லாமலே சந்தேகத்துக்கு உள்ளானது.

வெளிப்படையாகச் சொன்னால் நம்பிக்கை வளரும் என்பதற்கு அதே ஆண்டில் ஒரு சான்று உண்டு. 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி என்ற துணிச்சாயம் இருப்பது ஆய்வில் உறுதியானது. எந்தப் பொருள், என்ன தீங்கு என்பதை அரசு பெயர் சொல்லி அறிவித்துத் தடை விதித்தது. அந்தச் சாயத்தின் பெயர் சிற்றூர்ப் பிள்ளைகள் வாயிலும் வந்தது.

முடிவுரை

பள்ளியில் பணியாற்றிய நாள்களில், பாலில் மாவு கலந்திருந்தால் ஒரு துளி அயோடின் நீலமாக்கிக் காட்டும் சோதனையை ஆண்டுதோறும் வகுப்பில் செய்துகாட்டியிருக்கிறேன். மாணவர்கள் கைதட்டுவார்கள். ஒருமுறை ஒரு மாணவி, "இது நீலமானால் அடுத்து யாரிடம் போய்ச் சொல்வது, சார்?" என்று கேட்டாள். எனக்கு உடனே விடை தெரியவில்லை. சோதனையைக் கற்பித்த நான், சட்டத்தைப் படித்திருக்கவில்லை.

அவளுக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய விடையை இங்கே எழுதுகிறேன். ரசீது கேட்டு வாங்க வேண்டும். பொட்டலத்தில் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் மாவட்ட நியமன அலுவலரிடமோ, உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண்ணிலோ புகார் தரலாம். சொந்தச் செலவிலும் சோதிக்கக் கொடுக்கலாம். முடிவு வந்தால், பாதுகாப்பற்றதா, தரம் குறைந்ததா, தப்புக் குறியீடா என்று பிரித்துக் கேட்க வேண்டும். பள்ளிகளில் உள்ள குடிமக்கள் நுகர்வோர் மன்றங்கள் இதைக் கற்பிக்க நல்ல இடம்.

நூறாண்டில் சட்டம் நான்கு படி ஏறியது. அதை அறியும் பழக்கம் மக்களிடம் ஒரு படியாவது ஏறினால்தான், அடுத்த முறை ஊரின் பெயர் செய்தியில் வரும்போது, "யார் சொன்னால் நம்புவது?" என்று திகைக்காமல் "அறிக்கை என்ன சொல்கிறது?" என்று கேட்போம்.