கப்பல் டீசலின் இரவல் மூச்சு

1924 ஜூனில் சுவிட்சர்லாந்தின் பாடன் நகரிலிருந்த பிரவுன் பொவேரி ஆலையிலிருந்து விடி402 என்ற டர்போசார்ஜர் வெளியே போனது. அதைக் கேட்டு வாங்கியது விண்டர்தூரின் எஸ்.எல்.எம். ரயில் எஞ்சின் நிறுவனம். அங்கே சோதனையில் இருந்த ஒரு டூ-ஸ்ட்ரோக் டீசல் எஞ்சின் காற்றுப் போதாமல் திணறிக்கொண்டிருந்தது. புதிய கருவி வந்துவிட்டது என்பதற்காக, அதுவரை சூப்பர்சார்ஜர் வேலையைச் செய்த பழைய காற்றுப் பம்பைக் கழற்றி எறியவில்லை. இரண்டையும் ஒரே வரிசையில் கோத்தார்கள். சூப்பர்சார்ஜரா டர்போவா என்று கார் உலகம் இன்றும் வாதாடுகிறது. பெரிய டீசல்களில் அந்த இரண்டும் தொடக்கத்திலேயே கூட்டாளிகள்.

இரண்டின் வேலையும் ஒன்றுதான்: சிலிண்டருக்குள் காற்றை அழுத்தித் திணிப்பது. காற்று கூடினால் கூடுதல் எண்ணெயை எரிக்கலாம். அதே எஞ்சினில் கூடுதல் திறன் கிடைக்கும். வேறுபாடு, வேலைக்கான கூலியை யார் தருகிறார்கள் என்பதில். சூப்பர்சார்ஜர் கிராங்க் தண்டிலிருந்து பல்சக்கரம் வழியாகவோ சங்கிலி வழியாகவோ சுழல்கிறது. எஞ்சின் சம்பாதித்ததில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. டர்போ, புகைபோக்கி வழியே வீணாகப் போகும் சூடான வாயுவில் சுழல்கிறது.

அந்த வீண் வாயுவை வேலை வாங்கலாம் என்று 1905-இல் காப்புரிமை பெற்றவர் விண்டர்தூரில் பிறந்த பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி. கடலில் அது பலன் தர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1926-இல் ‘பிராய்ஸன்’, ‘ஹன்சஸ்டாட் டான்சிக்’ என்ற இரு ஜெர்மன் பயணிகள் கப்பல்கள் டர்போ பூட்டிய எம்.ஏ.என். நிறுவனத்தின் பத்து சிலிண்டர் எஞ்சின்களுடன் வந்தன. எஞ்சினின் திறன் 1,750 குதிரைத்திறனிலிருந்து 2,500-க்கு உயர்ந்தது.

அவை ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் கீழிறங்கும்போது தானே காற்றை உறிஞ்சிக்கொள்ளும். டர்போ சோம்பினாலும் எஞ்சின் நிற்காது. டூ-ஸ்ட்ரோக்குக்கு அந்த வசதி இல்லை. பிஸ்டன் அடிமட்டத்தை நெருங்கும் சிறு இடைவெளியில் பழைய புகையை வெளியே தள்ளிப் புதுக் காற்றை நிரப்பியாக வேண்டும். கப்பல்காரர்கள் ஸ்கேவெஞ்சிங் என்று சொல்லும் இந்தக் கழுவல் நடக்க, உள்ளே வரும் காற்றின் அழுத்தம் வெளியேறும் புகையின் அழுத்தத்தைவிட எப்போதும் கூடுதலாக இருக்க வேண்டும். நின்றிருக்கும் எஞ்சினில் புகை ஏது? புகை இல்லாமல் டர்போ சுழலாது, டர்போ சுழலாமல் காற்று வராது, காற்று வராமல் எண்ணெய் எரியாது. முதல் மூச்சை யாராவது இரவல் கொடுத்தே ஆக வேண்டும்.

பெரிய டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களில் டர்போ நுழைய கால் நூற்றாண்டு தாமதமானதற்கு இதுவே முக்கியக் காரணம். 1952 அக்டோபரில் டென்மார்க்கில் நீரில் இறங்கிய 18,000 டன் எண்ணெய்க் கப்பல் ‘டோர்தே மெர்ஸ்க்’ அந்தத் தடையை உடைத்தது. பி அண்ட் டபிள்யூ நிறுவனத்தின் வடிவமைப்பிலான அதன் ஆறு சிலிண்டர் எஞ்சினின் பக்கவாட்டில் விடிஆர் 630 என்ற வகை டர்போக்கள் இரண்டு பூட்டப்பட்டன. 5,530 குதிரைத்திறன் 8,000 ஆனது. எரிப்பு முடிந்த வாயு வேகத்தோடு பாயும் அந்தத் துடிப்பையே டர்பைனுக்கு நேராகச் செலுத்தியதால் டர்போவுக்கு வலு கிடைத்தது.

சுல்சர் என்ற எஞ்சின் நிறுவனம் வேறு வழியில் போனது. பெரிய கப்பல் எஞ்சினில் பிஸ்டன் கம்பி ஒரு தடுப்புத் தட்டைத் துளைத்துக் கீழே செல்கிறது. பிஸ்டனின் அடிப்பக்கத்தில் மூடிய அறை ஒன்று உருவாகிறது. பிஸ்டன் இறங்கும்போது அந்த அறையிலுள்ள காற்று அழுந்தும். அதைச் சிலிண்டருக்குத் திருப்பிவிட்டால் பிஸ்டனின் அடிப்பாகமே சூப்பர்சார்ஜர். மேலே எரிப்பு, கீழே காற்றுப் பம்பு, பக்கத்தில் டர்போ! டீசல் வரலாற்றில் இதைவிடச் சிக்கனமான ஏற்பாட்டைக் காண்பது அரிது.

1960-களின் நடுவில் அமெரிக்காவின் இ.எம்.டி. நிறுவனம் 645 வரிசை எஞ்சின்களில் பயன்படுத்திய தீர்வு இன்னும் நுட்பமானது. ரயில்களிலும் இழுவைப் படகுகளிலும் உழைத்த டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் அது. அதன் டர்போ வகையில் காற்றை ஊதித் தள்ளும் தனிப் புளோயர் கிடையாது. டர்போவின் தண்டே பல்சக்கரங்களால் எஞ்சினோடு இணைந்திருக்கும்; கிராங்க் தண்டு ஒரு சுற்று சுற்றினால் அது ஏறத்தாழ 18 சுற்று சுற்றும். நடுவில் ஒருவழிக் கிளட்ச். எஞ்சின் கிளம்பும்போதும் குறைந்த சுமையிலும் பல்சக்கரம் தள்ள, கருவி சூப்பர்சார்ஜராக இருக்கிறது. முழுத் திறனில் முக்கால்வாசியை நெருங்கும்போது புகையின் வேகம் பல்சக்கரத்தை முந்துகிறது. கிளட்ச் தானாக விடுகிறது. அதே தண்டு இப்போது டர்போ. மிதிப்பதை நிறுத்தினாலும் சைக்கிள் சக்கரம் ஓடுகிறதே, அதே தத்துவம்தான்.

சிறிய எஞ்சின்களில் கூட்டு வேறு விதம். டெட்ராய்ட் டீசலின் 8வி-92 போன்ற எஞ்சின்களில் டர்போ அழுத்திய காற்று ரூட்ஸ் புளோயர் வழியாகச் சிலிண்டருக்குப் போகும். பிற்கால வகைகளில் டர்போ வேகம் பிடித்ததும் ஒரு வால்வு திறந்து காற்றைப் புளோயரைச் சுற்றிக் கொண்டுபோனது. புளோயரைச் சுழற்றச் செலவான திறன் மிச்சமானது. வால்வோ பென்டாவின் கேஏடி42 படகு எஞ்சின் ஃபோர்-ஸ்ட்ரோக் வகை. அதற்குப் புளோயர் உயிர்த்தேவை அல்ல. ஆனால் வேகப்படகு நீரைவிட்டு மேலெழுந்து சறுக்கத் தொடங்கும் கட்டத்தில்தான் பளு மிகுதி. எஞ்சின் சுழற்சியோ அப்போது குறைவு. அந்தச் சில நொடிகளுக்காகவே கிளட்ச் போட்ட கம்ப்ரஸர் ஒன்றை டர்போவுக்குத் துணையாகச் சேர்த்தார்கள்.

இன்றைய ராட்சதக் கப்பல்களில் கிராங்க் தண்டால் ஓடும் சூப்பர்சார்ஜர் மறைந்துவிட்டது. அதன் வேலை மறையவில்லை. மின்சாரத்தில் ஓடும் துணைப் புளோயர்கள் அதைச் செய்கின்றன. கப்பல் துறைமுகத்துக்குள் மெல்ல நுழையும்போது சிலிண்டர்களுக்குக் காற்றைத் தேக்கித் தரும் காற்றறையின் அழுத்தம் குறைகிறது; ஒரு பிரஷர் ஸ்விட்ச் உணர்ந்து புளோயரை ஓடவிடுகிறது; எஞ்சின் அறையில் மோட்டாரின் இரைச்சல் எழுகிறது. திறந்த கடலில் சுமை மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும் அளவில் அது தானாக அடங்கும். புளோயரின் காற்று பின்னோக்கிப் பாயாமல் ஒருவழித் தகடுகள் காக்கின்றன.

துணை என்ற பெயர் அதற்குக் குறைவான மரியாதை என்றே சொல்ல வேண்டும். 2006-இல் வந்த ‘எம்மா மெர்ஸ்க்’ கப்பலின் பதினான்கு சிலிண்டர் வார்ட்சிலா எஞ்சின் 80,080 கிலோவாட் தரக்கூடியது. அவ்வளவு பெரிய டூ-ஸ்ட்ரோக் எஞ்சினைக் கிளப்பும்போதும் முதலில் ஓடத் தொடங்குவது துணைப் புளோயரின் மின்மோட்டார்தான்.